புள்ளி விவரக் கல்வியும் தர்மபுரி மாணாக்கரும்

தர்மபுரி ஜில்லா எதற்குப் பேர்போனது என்று சென்னையிலோ டில்லியிலோ உள்ள ஓர் உத்தியோகஸ்தரைக் கேட்டுப் பாருங்கள். தகடூர் அதியமானையும் ஔவையையும், பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப ஆசைப்பட்டு 1925-இல் பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்த சுப்பிரமணிய சிவாவையும் நினைப்பதற்கு முன்னால் அவர் சில எண்களையே நினைப்பார். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், எழுத்தறிவில் தமிழ்நாட்டு ஜில்லாக்களிலெல்லாம் கடைசி ஸ்தானம் தர்மபுரிக்கு. 2001-ஆம் வருஷத்துக் கணக்கில், ஜில்லாவின் இன்றைய எல்லைக்குட்பட்ட பகுதியில், ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 826. நிலத்தடி நீரிலோ அளவுக்கு மிஞ்சிய புளோரைடு. இந்த எண்கள் சட்டசபையில் பேசப்படுகின்றன. திட்டங்களின் முகவுரைகளில் அச்சேறுகின்றன. ஆனால் இந்த எண்களை எடுக்கவும், சோதிக்கவும், பிழையென்று கண்டால் மறுக்கவும் வல்லவர்களாக இந்த ஜில்லா மக்களின் பிள்ளைகளையே தயார் செய்வதற்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று கேட்டால், பதில் எளிதில் வருவதில்லை.

ஏற்பாடே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1997-இல் சேலத்தில் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம் சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு ஜில்லாக்களுக்கும் உரியது. அங்கே புள்ளி விவர இயலுக்கென்று தனித் துறை இருக்கிறது. தர்மபுரிக்கு அருகே பைசுஹள்ளியில் அந்தச் சர்வகலாசாலையின் பட்டமேற்படிப்பு மையம் ஒன்றும் இருக்கிறது. கட்டிடமும் ஆசிரியரும் பாடத்திட்டமும் உண்டு. இல்லாதது, அங்கே சேரும் ஏழை மாணாக்கன் படிப்பை முடிக்கும் வரை அவன் வயிற்றுக்கும் வழிச்செலவுக்கும் யார் பொறுப்பு என்பதைத் தீர்மானிக்கும் கொள்கை. நாம் இங்கு பேச எடுத்துக்கொண்டது அதைத்தான்.

புள்ளி விவர சாஸ்திரம் என்றால் கூட்டிப் பெருக்கும் குமாஸ்தா வேலை என்று நம்மில் பலர் எண்ணுவது தவறு. மேலே சொன்ன 826 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். பத்து வருஷம் கழித்து, 2011-ஆம் வருஷத்துக் கணக்கில் அது 900-க்கு மேல் ஏறியது. இது எதனால்? பெண் சிசுக் கொலை குறைந்ததனாலா? 1992-இல் சேலத்தில் ஆரம்பித்துப் பின்னர் தர்மபுரிக்கும் விரிந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தினாலா? ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகி, பிறந்தவுடன் குழந்தை பதிவாகிவிடுவதனாலா? அல்லது முன்பு கணக்கெடுப்பாளரிடம் சொல்லாமல் விட்ட பெண் குழந்தைகளை இப்போது சொல்கிறார்களா? நான்கு காரணங்களும் கலந்திருக்கலாம். எந்தக் காரணத்துக்கு எத்தனை பங்கு என்பதைப் பிரித்துக் காட்டினால்தான் அடுத்த ரூபாயை எங்கே செலவிடுவதென்று சொல்ல முடியும். பிரிப்பதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்துப் பிறப்புப் பதிவேடும், ஜனத்தொகைக் கணக்கும், வீடு வீடாகச் சென்று எடுத்த மாதிரிக் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கப்பட வேண்டும். பென்னாகரத்துப் பேச்சும், சித்தேரி மலையின் பாதையும், பிரசவம் எங்கே நடந்தது என்று ஒரு தாயிடம் புண்படாமல் கேட்கும் விதமும் அறிந்தவர்தான் அதைச் செம்மையாகச் செய்வார்.

இன்னொன்று தண்ணீர். குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேற்படாதிருக்க வேண்டும். வேறு நீர் கிடையாத இடத்தில் ஒன்றரை வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. அதற்கு மேற்போனால் பல் கறைபடும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் வளையும். ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டப்பெற்று 2013-இல் ஆரம்பிக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தப் பீடையை நீக்கத்தான் வந்தது. காவிரி நீர் குழாயில் வருகிறது. ஆனால் சமையலுக்கும் குடிக்கவும் எந்தெந்த வீட்டில் இன்னும் ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் கலக்கிறார்கள்? 2013-க்கு முன் பிறந்த குழந்தைகளின் பற்களுக்கும் பின் பிறந்தவர்களின் பற்களுக்கும் வித்தியாசம் உண்டா? எந்தக் கிராமத்தில் உண்டு, எந்தக் கிராமத்தில் இல்லை? இது பெரிய விஞ்ஞானக் கூடம் வேண்டும் விஷயமல்ல. கிராமங்களை முறையாகப் பொறுக்கி எடுக்கத் தெரிந்த பட்டமேற்படிப்பு மாணாக்கர் ஐவர், பல் வைத்தியர் ஒருவர், ஒரு கோடை விடுமுறை - இவை போதும். மாணாக்கர் தம் கடைசிப் பருவத்தில் எப்படியும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதத்தான் போகிறார்கள். யாரோ அமெரிக்காவில் சேகரித்த எண்களைக் கணினியில் போட்டுப் பழகுவதற்குப் பதில், பாலக்கோட்டுத் தக்காளி மண்டியின் விலையையும் பாப்பிரெட்டிப்பட்டிக் குழந்தைகளின் பல்லையும் அவர்கள் எழுதினால் என்ன?

எழுதுவார்கள், ஆனால் வழிச்செலவு யார் தருவது? இங்கேதான் நம் உபகாரச் சம்பள முறையின் விசித்திரம் புலப்படுகிறது.

சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. இரண்டும் நல்ல திட்டங்களே. நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் முதற் பட்டம் வாங்கியதும் அந்த ஆயிரம் நின்றுவிடுகிறது. ஊத்தங்கரைச் சாலையிலுள்ள ஒரு கிராமத்துப் பெண் இளங்கலைப் பட்டம் பெற்று, முதுகலையில் புள்ளி விவர இயல் படிக்கச் சேலம் போக விரும்பினால், செலவு கூடும் அந்த நேரத்திலேயே உதவி அற்றுப் போகிறது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பஸ்களில்தான். தொப்பூர்க் கணவாயைத் தாண்டிச் சேலம் செல்லும் வெளியூர்ப் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். பெங்களூரில் கட்டிட வேலை செய்யும் தகப்பனார், "படித்தது போதும், அம்மா" என்று சொன்னால் அவரைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை.

முதுகலையும் முடித்து ஆராய்ச்சிக்கு வருபவரின் நிலையைப் பார்ப்போம். மத்திய சர்க்கார் நடத்தும் தேசியத் தகுதிப் பரீட்சையில் உயர்ந்த வரிசையில் தேறினவர்க்கு இளநிலை ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் உண்டு. 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். மூத்த நிலைக்கு 42,000. இது கௌரவமான தொகை. ஆனால் புள்ளி விவர இயலுக்கென்று அதில் தனிப் பரீட்சை இல்லை. கணித விஞ்ஞானம் என்ற ஒரே தலைப்பின் கீழ் தூய கணிதம் படித்தவரோடு சேர்ந்தே எழுத வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் அச்சாகிறது, தமிழில் இல்லை. அலகாபாத்து மாணாக்கன் தன் தாய்மொழியில் வினாவைப் படிக்கலாம். அரூர் மாணாக்கன் படிக்கலாகாது. ஒரே தேசம், ஒரே பரீட்சை, ஒரே பொக்கிஷம் என்று சொல்லிவிட்டு இப்படிப் பாரபட்சம் காட்டுவது எந்த நியாயம்? புள்ளி விவர சாஸ்திரத்தின் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அம்மொழியை மாணாக்கர் கற்றே ஆகவேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உபகாரச் சம்பளம் யாருக்கு என்பதை நிர்ணயிக்கும் பரீட்சை கணித அறிவைச் சோதிக்க வேண்டுமேயன்றி, எவன் எந்த ராஜ்யத்தில் பிறந்தான் என்பதைச் சோதிக்கக் கூடாது.

அந்தப் பரீட்சையில் உபகாரச் சம்பளத்துக்குத் தேறாதவர் கதி இடத்துக்கு இடம் மாறுகிறது. அவர் மத்திய சர்வகலாசாலையில் சேர்ந்தவரானால், தேறாவிட்டாலும் மாதம் 8,000 ரூபாய் உண்டு. 2015 அக்டோபரில் சர்வகலாசாலை மான்யக் கமிஷன் அதையும் நிறுத்த முற்பட்டபோது டில்லியில் மாணவர் கிளர்ச்சி எழுந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐ.ஐ.டி. போன்ற உயர்தர ஸ்தாபனங்களில் பொறுக்கி எடுக்கப்பட்ட சிலருக்கு, 2018-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஆராய்ச்சித் திட்டத்தில் மாதம் 70,000 ரூபாயிலிருந்து ஆரம்பம். சேலத்தில் ராஜ்ய சர்வகலாசாலையில் அதே சாஸ்திரத்தைப் படிப்பவருக்கு மத்திய மான்யக் கமிஷனின் அந்த 8,000-மும் கிடையாது. திருவாரூரில் படித்தால் உண்டு, சேலத்தில் படித்தால் இல்லை! பசி ஊருக்கு ஊர் மாறுபடுவதாக டில்லிக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

ராஜ்ய சர்க்கார் சும்மா இருக்கிறதென்றும் சொல்வதற்கில்லை. முழுநேர ஆராய்ச்சி செய்யும் ஆதிதிராவிட, பழங்குடி மாணாக்கருக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித் திட்டத்துக்கென்று 2023-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் ஒரு பரீட்சையும் நடத்தியது. ஆயினும் ராஜ்யம் முழுவதற்கும், எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து ஒதுக்கிய சில இடங்களில் புள்ளி விவர இயலுக்கு எத்தனை வரும், அதில் தர்மபுரிக்கு எத்தனை வரும்? சமுத்திரத்தில் பெருங்காயம் கரைத்த கதைதான்.

இவ்விஷயத்தில் நம் முன்னோர் காட்டிய வழி நம் கண்ணெதிரே இருக்கிறது. சென்னைச் சர்வகலாசாலையில் முதன்முதலாகப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர், தம் மாணாக்கரை விடுமுறைக்குச் சொந்தக் கிராமம் போய் நிலம், கடன், கூலி, கால்நடை ஆகியவற்றைக் கணக்கெடுத்து வரச் சொன்னார். அந்தக் கணக்குகள் 1918-இல் புத்தகமாக வந்தன. அதே கிராமங்களை 1930-களில் சென்னைச் சர்வகலாசாலையார் மறுபடி ஆராய்ந்தார்கள். இன்றும் தென்னாட்டுக் கிராமப் பொருளாதாரத்தை எழுதப் புகுவோர் அங்கிருந்தே தொடங்குகின்றனர். மகாத்மாவின் சீடரான தஞ்சாவூர் ஜே. ஸி. குமரப்பா, குஜராத் வித்யாபீடத்து மாணாக்கரை அழைத்துக்கொண்டு கேடா ஜில்லாவின் மாத்தர் தாலுகாவைக் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தார். நிலவரி குடியானவனை எவ்வளவு நசுக்குகிறது என்பதை அந்நிய சர்க்காருக்கு எதிராக எண்களால் நிரூபித்தார். மேடையில் நூறு பிரசங்கம் செய்ய முடியாததை அந்தக் கணக்கு செய்தது.

கல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளி விவர ஸ்தாபனத்தை நிறுவிய மஹாலனோபிஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். வங்காளத்துச் சணல் பயிரைக் கணக்கிடும் வேலையை ஸ்தாபனம் ஏற்றது. ஏற்ற வேலையின் மூலமே இளைஞர் தேர்ச்சி பெற்றனர். அப்படித் தேர்ந்தவர்களில் முதன்மையானவர் ஸி. ஆர். ராவ். அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஹடகலியில் 1920-இல் பிறந்தவர். வேலை தேடிக் கல்கத்தா போன இடத்தில், 1941 ஜனவரியில் அந்த ஸ்தாபனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அதே வருஷம் கல்கத்தாச் சர்வகலாசாலை புள்ளி விவர இயலில் பட்டமேற்படிப்பு வகுப்பைத் தொடங்கிற்று. அதன் ஆரம்ப மாணாக்கரில் ஒருவரானார். 1946-இல் கேம்பிரிட்ஜ் சென்றதும் தகப்பனார் பணத்தில் அல்ல. ஸூடானில் தோண்டி எடுத்த பழைய எலும்புக் கூடுகளை அளந்து ஆராயும் வேலைக்காக அங்குள்ள மியூஸியம் அழைத்துச் சென்றது. பகலில் எலும்பை அளந்தார். அங்கேயே பிஷரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் பெற்றார். 2023-இல் நூற்று இரண்டு வயதில் அவர் காலமானபோது உலகமே அவரைப் போற்றிற்று. வேலையும் கூலியும் கொடுத்து அவரை யாரும் வளர்க்காமல் இருந்திருந்தால், ராஜதானியின் மூலையில் ஒரு கணக்காசிரியராகவோ குமாஸ்தாவாகவோ அவர் முடிந்திருப்பார். இன்றும் அந்த ஸ்தாபனத்தில் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. மாணாக்கருக்கு மாதந்தோறும் உதவி தருகிறார்கள். 2008 முதல் சென்னையிலும் அதன் கிளை இருக்கிறது. நம் ராஜ்ய சர்வகலாசாலைத் துறைகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

பணத்தோடு விதிகளும் வேண்டும். பணமின்றி விதி மட்டும் இருந்தால் காகிதம். விதியின்றிப் பணம் மட்டும் வந்தால் மாணாக்கன் ஆசிரியரின் தயவை எதிர்பார்த்து நிற்கும் ஏவலாளாகிவிடுவான். மான்யக் கமிஷன் 2022 நவம்பரில் வெளியிட்ட டாக்டர் பட்ட விதிகளில் நல்ல அம்சங்கள் சில உண்டு. பேராசிரியர் ஒருவர் எட்டு பேருக்கு மேல் வழிகாட்டியாக இருக்கலாகாது. இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. ஆறு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்குக் கூடுதல் அவகாசம் உண்டு. பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக மொத்தம் 240 நாள் விடுமுறை பெறலாம். விவாகத்தினாலோ வேறு காரணத்தாலோ ஒரு பெண் ஊர் மாற நேர்ந்தால், தன் ஆராய்ச்சியை அவ்வூர் ஸ்தாபனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. எத்தனை மாணவிகளுக்கு இந்த உரிமைகள் தெரியும்? துறை வாசலில் தமிழில் எழுதி ஒட்டினால் ஒரு காகிதத்தின் செலவுதான்.

அதே விதிகள் எம்.பில். பட்டத்தை ஒழித்துவிட்டன. அறிஞர்கள் அதற்குக் காரணங்கள் சொல்வார்கள். ஆனால் ஐந்தாறு வருஷம் ஆராய்ச்சியில் தாக்குப்பிடிக்க இயலாத ஏழைப் பட்டதாரிக்கு, ஓரிரு வருஷத்தில் ஏறக்கூடிய படியாக அது இருந்தது. படியை எடுத்துவிட்டவர்கள் மேலே ஏறக் கைப்பிடியாவது வைத்தார்களா என்றால் அதுவும் இல்லை.

துணைவேந்தரை நியமிப்பது கவர்னரா சர்க்காரா என்ற வழக்கு 2025-இல் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. இரு தரப்பிலும் பெரிய வக்கீல்கள் வாதாடினார்கள். மாணாக்கனின் மாதச் செலவைப் பற்றி அத்தனை சூடாக எந்தக் கோர்ட்டிலும் யாரும் வாதாடக் காணோம்.

நாம் கேட்பது அதிகமல்ல. பெரியார் பல்கலைக்கழகத்துப் புள்ளி விவரத் துறையில் நான்கு ஜில்லாக்களுக்கும் ஐந்து பேர் வீதம் இருபது பட்டமேற்படிப்பு மாணாக்கருக்கு, மத்திய சர்வகலாசாலைகளில் ஆராய்ச்சியாளருக்குத் தரும் அதே 8,000 ரூபாயை மாதந்தோறும் ராஜ்ய சர்க்கார் தரட்டும். வருஷத்துக்கு ஆகும் செலவு 19,20,000 ரூபாய். தேசியப் பரீட்சையில் தேறிய நான்கு பேருக்கு இளநிலை உபகாரச் சம்பளமாக வருஷத்தில் ஆவது 17,76,000. அதற்குச் சற்று மேல், அவ்வளவே. தொகை மாதம் முதல் வாரத்தில் நேரே மாணாக்கர் கணக்குக்குச் செல்ல வேண்டும். துறைத் தலைவரின் கையொப்பத்துக்கும் கஜானாவின் சௌகரியத்துக்கும் காத்திருக்கக் கூடாது. இதற்குக் கைம்மாறாக, ஒவ்வொருவரும் தம் ஜில்லாவில் ஒரு விஷயத்தைக் கணக்கெடுத்து எழுத வேண்டும். கலெக்டர் ஆபீஸும், பொருளியல் புள்ளியியல் துறையின் ஜில்லா ஆபீஸும், சுகாதாரத் துறையும் தம் பதிவேடுகளைப் பெயர் முதலிய சொந்த விவரங்களை நீக்கி அவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். கட்டுரை தமிழிலும் ஒரு சுருக்கத்தோடு அச்சாக வேண்டும். கணக்குப் போடும் மென்பொருளுக்குக் காசு வேண்டாம். நியூஸிலாந்து ஆசிரியர் இருவர் ஆரம்பித்த 'ஆர்' என்பது உலகெங்கும் இலவசமாகவே கிடைக்கிறது. கணினிக்கும் மின்சாரத்துக்கும் விடுதிக்கும்தான் சர்க்கார் உதவி வேண்டும்.

"பள்ளிக்கூடத்துக்கே கூரை இல்லாத ஊர்களில் பட்டமேற்படிப்புக்கு உபகாரச் சம்பளமா?" என்று சிலர் கேட்பார்கள். எந்தப் பள்ளிக்குக் கூரை இல்லை, எந்தப் பள்ளிக்கு ஆசிரியர் இல்லை என்ற கணக்கை யார் எடுத்துக் கொடுப்பார்களோ அவர்களைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். "பட்டம் பெற்றவன் பெங்களூருக்கு ஓடிவிடுவானே?" என்பது இன்னொரு ஆட்சேபம். சிலர் ஓடத்தான் செய்வார்கள். அதற்காகக் கொடுக்காமல் இருப்பதைவிட, தங்குவோருக்கு இங்கே வேலை வைப்பது மேல். ராஜ்யப் புள்ளி விவர உத்தியோகங்களுக்குத் தேர்வாணையம் காலா காலத்தில் ஆள் எடுத்தாலே பாதி ஓட்டம் நிற்கும்.

காலமும் நெருங்கியிருக்கிறது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போய், 2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படை நாளாகக் கொண்டு நடக்குமென்று 2025 ஜூனில் அறிவிப்பு வெளியாயிற்று. பதினாறு வருஷத்துக்குப் பிறகு தர்மபுரியைப் பற்றிப் புதிய எண்கள் வரப்போகின்றன. எழுத்தறிவில் ஜில்லா ஏறியதா, பெண் குழந்தைகள் பெருகினரா, குடும்பத்தோடு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டவர் எத்தனை என்றெல்லாம் அவற்றிலிருந்து சச்சரவு கிளம்பும். நிதியும் தொகுதியும் அவற்றை ஒட்டிப் பங்கிடப்படும். ஜில்லாவில் பொதுவாழ்வில் ஈடுபட்டிருக்கும் நண்பர்கள், கட்சி எதுவானாலும், தம் சட்டசபை அங்கத்தினரிடம் அடுத்த பட்ஜெட்டுக்கு முன் இந்த இருபது உபகாரச் சம்பளங்களைப் பற்றி எழுத்து மூலம் கேட்கட்டும். அவர் தரும் பதிலையும் எழுத்து மூலமே வாங்கி, தர்மபுரியிலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் கூட்டம் போட்டு வாசித்துக் காட்டட்டும்.